கோதுமை இல்லாமல் மெத்தென்ற ரொட்டி: வெள்ளைச்சோளமும் உலைநீரும்

சோள ரொட்டி செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டவர்களிடம் கேட்டால் மூன்று குறைகளில் ஒன்றைச் சொல்வார்கள். தட்டும்போதே ஓரமெல்லாம் வெடிக்கிறது. கல்லில் போட எடுத்தால் கையோடு பிய்ந்து வருகிறது. சுட்டு இறக்கிய கால் மணி நேரத்தில் வறட்டியாகிவிடுகிறது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். மாவுக்குள் போக வேண்டிய தண்ணீர் போக வேண்டிய சூட்டில் போகவில்லை, போன தண்ணீரும் அங்கே தங்கவில்லை. கைப்பழக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சோள ரொட்டியின் ஊர்கள் வட கர்நாடகமும் அதை ஒட்டிய மகாராஷ்டிரமும். விஜயபுரா, கலபுரகி, தார்வாட், பாகல்கோட் பக்கம் ஜோளத ரொட்டி என்பார்கள். சோலாப்பூரில் அதுவே ஜ்வாரிச்சி பாக்ரி. வீட்டில் மூன்று வேளையும் இதுதான் என்று வளர்ந்தவர்கள் அங்கே ஏராளம். தமிழ்நாட்டிலும் சோளம் நிறைய விளைந்தது, ஆனால் நாம் அதைச் சோறாகவும் களியாகவும் தோசையாகவும்தான் சாப்பிட்டோம். தட்டிச் சுடும் வழக்கம் நமக்குக் கேழ்வரகு அடையோடு நின்றுவிட்டது. அதனால் சோள ரொட்டி செய்யும்போது நம் கை தானாகவே சப்பாத்திக்குப் பழகிய வழியில் போகிறது: குளிர்ந்த நீர் விட்டுப் பிசைவது, மூடி வைத்து ஊறவிடுவது, கட்டையால் அழுத்தித் தேய்ப்பது. சப்பாத்திக்கு இவை சரி. சோளத்துக்கு மூன்றுமே பொருந்தாது.

ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள கிளியாடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து குளூட்டன் என்ற இழுவையான வலையை உண்டாக்குகின்றன. அந்த வலைதான் சப்பாத்தியைக் கிழியாமல் பிடித்து நிறுத்துகிறது. சோளத்தின் முக்கியப் புரதத்துக்குக் காஃபிரின் என்று பெயர். அது தண்ணீரோடு ஒட்டாத இயல்புடையது, சின்னச் சின்ன உருண்டைகளாக மாவுக்குள் அடைபட்டுக் கிடக்கும். எவ்வளவு பிசைந்தாலும் அது வலையாக விரியாது. ஆகவே ரொட்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். அந்த வேறொன்று, வெந்த மாவுச்சத்து. கஞ்சி கொதிக்கும்போது கெட்டிப்பட்டுப் பசையாகிறதே, அதே பசை. அதை ரொட்டி மாவின் உள்ளேயே உண்டாக்கிவிட்டால் வேகாத மாவுத் துகள்களை அது ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

சோள மாவுச்சத்து பசையாக மாறத் தொடங்குவது 67, 68 டிகிரி செல்சியஸ் அளவில். முழுதாக மாற இன்னும் 10 டிகிரி வேண்டும். இங்கேதான் பெரும்பாலான சமையல் குறிப்புகள் காலை வாரிவிடுகின்றன. ‘வெந்நீர் விட்டுப் பிசையவும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எளிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். அறைச் சூட்டில் இருக்கும் 200 கிராம் மாவில் கொதிக்கும் நீர் 240 மி.லி. விட்டால் கலவையின் சூடு 80 டிகிரி அளவில் நிற்கும். அதே நீர் 80 டிகிரியில் இருந்தால் கலவை 67 டிகிரிக்கு மேல் போகாது. பாத்திரமும் காற்றும் உறிஞ்சும் சூட்டைக் கழித்தால் இன்னும் கீழே. முதலாவது பசையாகும், இரண்டாவது ஆகாது. பார்வைக்கு இரண்டும் வெந்நீர்தான், ரொட்டி மட்டும் வேறு வேறாக வரும். அதனால் இதற்கு வெந்நீர் என்ற சொல்லையே விட்டுவிட்டு உலைநீர் என்று வைத்துக்கொள்ளலாம். சோற்றுக்கு உலை கொதிப்பது போலத் தளதளவென்று கொதிக்க வேண்டும். வட கர்நாடகத்தில் ரொட்டிக்கு வைக்கும் நீருக்கும் எசரு என்றுதான் பெயர், சோற்று உலைக்கும் அதே சொல்தான்.

மாவு

முதலில் கடையில் கவனம். ‘சோள மாவு’ என்று கேட்டால் பல கடைகளில் மக்காச்சோள ஸ்டார்ச்சை எடுத்துக் கொடுப்பார்கள், சூப்பில் கெட்டிக்குச் சேர்க்கும் வெள்ளைப் பொடி. அதில் ரொட்டி வராது. மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவும் இது கிடையாது. ‘வெள்ளைச்சோள மாவு’ என்றோ ‘ஜோவார் மாவு’ என்றோ கேளுங்கள். முடிந்தவரை மணியாகவே வாங்கி அரைப்பது நல்லது.

மணியிலும் ரகம் உண்டு. ரொட்டிக்கு என்றே பெயர் பெற்றது மாலதண்டி. சோலாப்பூர் மாவட்டத்து மோஹோலில் 1930களில் இந்த மாலதண்டி நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த எம் 35-1 என்ற வகை இன்றும் அந்தப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் விளைகிறது. மணி உருண்டையாக, முத்து போன்ற பளபளப்போடு, லேசான பழுப்பு வெள்ளையில் இருக்கும். பின்பருவத்தில், செப்டம்பர், அக்டோபரில் விதைத்து, மழை ஓய்ந்த காலத்தில் முற்றுவதால் மணி சுத்தமாக வரும். மழைக்காலத்துச் சோளம் முற்றும் நேரத்தில் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். மணியில் கறுப்பும் சாம்பலுமாகப் புள்ளி விழும். அப்படி நனைந்த மணியில் முளைக்கும்போது சுரக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கி மாவுச்சத்தை உடைத்துவிடும். பிறகு எந்த உலைநீரும் அதைச் சரியாகப் பசையாக்காது. விலை குறைவு என்று மங்கிய மணியை வாங்கி, ரொட்டி வரவில்லை என்று நம் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். சிவப்புச் சோளத்திலும் செய்யலாம், ஆனால் நிறம் இருளும், லேசாகத் துவர்க்கும். தொடக்கத்துக்கு வெள்ளைதான் வசதி.

மணியைக் களைந்து, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, பல்லில் கடித்தால் டக்கென்று உடையும் பதத்தில் மில்லுக்குக் கொண்டு போங்கள். அரைப்பவரிடம் ‘இடியாப்ப மாவு பதம்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார். கொரகொரப்பான மாவில் ஒவ்வொரு பெரிய துகளும் ஒரு விரிசலின் தொடக்கம். நடுவில் வேகாமல் மணல் போல நிற்கும். அரைத்த மாவு சூடாக இருக்கும், அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டும். தாளில் பரப்பி ஆறவிட்டுச் சலித்து வையுங்கள்.

மாவின் வயது பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சோள மாவு அரைத்த முதல் 2, 3 வாரங்களில்தான் நன்றாகப் பேசும். நாள் ஆக ஆக அதன் பசைத்தன்மை குறைந்துகொண்டே போகும். வட கர்நாடகத்துக்காரர்கள் மாவில் ‘ஜிகுட்டு’ இருக்கிறதா என்று பார்ப்பார்கள், விரலில் ஒட்டி இழுக்கும் குணம். எட்டு மாதப் பாக்கெட் மாவில் அது இருக்காது. ஒரு ஸ்பூன் மாவில் கொதிநீர் சில சொட்டு விட்டு இரு விரலால் மசித்துப் பாருங்கள். விரலைப் பிரிக்கும்போது மாவு ஒட்டி இழுத்தால் நல்ல மாவு. ஈர மணல் போல உதிர்ந்தால் அதைத் தோசைக்கு வைத்துக்கொண்டு ரொட்டிக்கு வேறு அரையுங்கள். பாக்கெட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அரைத்த தேதி பார்த்து, அரைக் கிலோவுக்கு மேல் வாங்காமல், வாங்கியதை ஃப்ரீசரில் வைக்கலாம்.

உலை வைத்துப் பிசைவது

200 கிராம் மாவு எடுத்துக்கொள்வோம். கப்பில் ஏறக்குறைய ஒன்றரை. 6 ரொட்டி வரும். தண்ணீர் 240 மி.லி., அதாவது ஒரு கப். உப்பு அரை டீஸ்பூன், விருப்பம்தான். பழைய வழக்கத்தில் பல வீடுகளில் ரொட்டிக்கு உப்பே போடமாட்டார்கள், காரச் சட்னியும் குழம்பும் அதைப் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் கூடினால் மெத்தென்று ஆகும் என்ற எண்ணம் சப்பாத்தியிலிருந்து வந்தது. இங்கே அது துகள்களைப் பூசிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும், ரொட்டி பிஸ்கட் போல உடையும். நெய் தடவ ஆசையிருந்தால் சுட்ட பிறகு தடவுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் தண்ணீரையும் உப்பையும் கொதிக்க விடுங்கள். தளதளவென்று வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, மாவு முழுவதையும் நடுவில் ஒரே குவியலாகக் கொட்டுங்கள். உடனே கிளறக் கூடாது. குவியலைச் சுற்றி நீர் கொதித்து ஏறட்டும், அரை நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, மரக்கரண்டியின் காம்பால் நடுவில் குத்திக் குத்திக் கிளறுங்கள். கட்டியும் பொடியுமாக அலங்கோலமாகத்தான் இருக்கும், சில இடத்தில் உலர்ந்த மாவு அப்படியே தெரியும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் தண்ணீர் விட்டுவிட வேண்டாம். தட்டுப் போட்டு மூடி 10 நிமிடம் விட்டால் ஆவி உலர்ந்த இடங்களுக்கும் போய்ச் சேரும்.

மாவை அடுப்பிலேயே வைத்து நிறைய நேரம் கிண்டினால் களியாகிவிடும். களி மாவில் சுட்ட ரொட்டி ரப்பர் போல இழுக்கும், பல்லில் ஒட்டும். நமக்கு வேண்டியது ஒரு பங்கு வெந்து பசையாகி, மீதி வேகாமல் நிற்கும் மாவு. அந்த மீதி கல்லில் வேகும்.

இனி பிசைவது. அகலமான தாம்பாளத்தில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் தொடங்குங்கள். ஆறிய பிறகு பிசைவது வீண் வேலை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் இருக்கட்டும். கையை அதில் நனைத்து நனைத்துப் பிசையுங்கள். மொத்தத்தில் 2 முதல் 4 மேசைக்கரண்டி நீர் உள்ளே போகும், மணியையும் மாவின் ஈரத்தையும் பொறுத்து. சப்பாத்தி மாவைப் போல மடித்து மடித்து அமுக்குவது இதற்குப் பயன்படாது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மாவைச் சிறிது சிறிதாகத் தட்டின் மேல் அழுத்தித் தள்ளித் தேய்க்க வேண்டும், அம்மியில் அரைப்பது போல. வெந்த பசை வேகாத துகள்களைச் சுற்றிப் பூசப்படுவது இந்தத் தேய்ப்பில்தான். 5, 6 நிமிடம் குறையாமல் தேயுங்கள். அதிகம் பிசைந்து கெட்டுப்போகும் என்ற அச்சம் சோளத்தில் இல்லை, விறைத்துக்கொள்ளக் குளூட்டனே கிடையாது.

பதம் பார்க்க ஒரு எலுமிச்சை அளவு உருட்டி உள்ளங்கையில் வைத்து வடை போல அமுக்குங்கள். ஓரம் வழவழப்பாக வந்தால் சரி. மயிரிழை விரிசல் தெரிந்தால் கை நனைத்து இன்னும் ஒரு நிமிடம். ஓரம் வெடித்துப் பூப்போல விரிந்தால் மாவு வேகவே இல்லை. அப்போது ஒரு கை மாவை எடுத்துக் கால் கப் கொதிநீரில் கரைத்து அடுப்பில் கஞ்சியாகக் கிளறி, அந்தப் பசையை மொத்த மாவோடு சேர்த்துத் தேய்த்துப் பிசைந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். தளர்ந்து போனால் உலர்ந்த மாவு தூவிச் சரிசெய்யலாம். ஆனால் சற்றுத் தளர்வாக இருப்பதே நல்லது. காது மடலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்த மென்மை.

பிசைந்த மாவை ஊற வைப்பதில் பயனில்லை. ஆற ஆற வெந்த மாவுச்சத்து மறுபடியும் இறுகத் தொடங்கும். ஈரத் துணியால் மூடி, அரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் சுட்டுவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சுடலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம்.

தட்டுவது, தேய்ப்பது

75 கிராம் அளவுக்கு ஓர் உருண்டை எடுத்து, அதை மட்டும் மறுபடி ஒரு 30 விநாடி தேய்த்துப் பிசையுங்கள். தேர்ந்த கைகள் ஒவ்வொரு ரொட்டிக்கும் இதைச் செய்யும். பார்க்கும்போது பழக்கதோஷம் போலத் தெரியும், விட்டுப் பார்த்தால்தான் அருமை புரியும். பிசைந்து உருட்டி, ஓரத்தில் வெடிப்பில்லாமல் தட்டையாக்கி, பலகையில் நன்றாக மாவு தூவி வையுங்கள். மாவு கீழேதான், மேலே கொஞ்சமாக.

ஊர் வழக்கம் கையால் தட்டுவது. கன்னடத்தில் ரொட்டி ‘அடிப்பது’ என்றே சொல்வார்கள், தெருவில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து அந்தத் தாளம் கேட்கும். விரல்களைச் சேர்த்து வைத்து, ஓரத்துக்கு உட்பக்கம் தட்டத் தட்ட ரொட்டி தானே சுழன்றுகொண்டு பெரிதாகும். அடியில் உலர்ந்த மாவு இருப்பதால்தான் சுழல்கிறது. ரொட்டி சுழலாமல் நின்றால் அடியில் மாவு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓரத்தைத் தூக்கித் தூவுங்கள். ஒட்டிய பிறகு தூக்கினால் கிழியும்.

இந்தக் கை வருவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை கட்டையில் தேய்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை, உலைநீர் மாவு அதைத் தாங்கும். எடையே வைக்காமல் லேசான கையால், நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு இழுப்புக்கும் ரொட்டியைச் சிறிது திருப்பி. 17 செ.மீ. அகலம், இரண்டரை முதல் மூன்று மி.மீ. கனம். முழுக்க ஒரே கனமாக இருப்பது வட்டமாக இருப்பதைவிட முக்கியம். ஓரம் மெலிந்தால் அங்கே முதலில் காய்ந்து வெடிக்கும், நடு மெலிந்தால் உப்பாது. வட்டம் வேண்டுமென்றால் ஒரு தட்டைக் கவிழ்த்து வெட்டிக்கொள்ளலாம்.

கல்

இரும்புத் தோசைக்கல், கனமானது. நான்ஸ்டிக்கில் தேவையான சூடு ஏற்றக் கூடாது, அதனால் ரொட்டி வேகுவதற்குள் காய்ந்துவிடும். கல் காய்ந்ததைப் பார்க்கத் தண்ணீர் தெளியுங்கள், சொட்டு உருண்டு ஓட வேண்டும். அங்கேயே நின்று பொரிந்தால் இன்னும் காயவில்லை.

ரொட்டியைத் தூக்கி, அடியிலிருந்த மாவுப் பக்கம் மேலே வருமாறு கல்லில் போடுங்கள். உடனே, ஐந்து விநாடிக்குள், ஒரு சிறு துணியையோ விரல்களையோ நீரில் நனைத்து மேற்பரப்பு முழுவதும் தடவுங்கள், ஓரம் விடாமல். சோள ரொட்டியின் உயிரே இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் உலர்ந்த மாவு நனைந்து, அடியிலிருந்து ஏறும் சூட்டில் பசையாகி, மெல்லிய தோலாக மாறும். தட்டியபோது விழுந்த மயிரிழை விரிசல்களை அந்தத் தோல் அடைக்கும். ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளே சேர்ந்து ரொட்டி உப்புவது அதனால்தான். தண்ணீர் தடவாத ரொட்டியில் அந்த மாவு கருகிக் கசக்கும், ஆவி விரிசல் வழியே போய்விடும்.

அடுத்தது திருப்பும் நேரம். தடவிய நீரின் பளபளப்பு மறைந்து, ஆனால் தொட்டால் இன்னும் ஈரம் தெரியும் கட்டம், 30, 40 விநாடி. அப்போது திருப்ப வேண்டும். முன்னதாகத் திருப்பினால் ஈரப் பக்கம் கல்லில் ஒட்டும். தாமதித்தால் மேற்பக்கம் வறண்டு, வயலில் வண்டல் வெடிப்பது போல வெடிக்கும், பிறகு உப்பாது. இரண்டாவது பக்கம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக, பழுப்புப் புள்ளிகள் வரும்வரை. பிறகு இடுக்கியால் எடுத்து முதல் பக்கத்தை நேரே தீயில் காட்டினால் உப்பும். தீயில் காட்ட விரும்பாதவர்கள் கல்லிலேயே திருப்பிப் போட்டு, மடித்த துணியால் ஓரத்தை மெல்ல அழுத்திச் சுற்றி வரலாம். அழுத்திய இடத்திலிருந்து ஆவி அடுத்த இடத்துக்கு ஓடும். ஒரு ரொட்டிக்கு மொத்தம் இரண்டரை நிமிடத்துக்கு மேல் கல்லில் இருக்கக் கூடாது. சிம்மில் வைத்து ஐந்து நிமிடம் வாட்டினால் வெந்திருக்கும், மெத்தென்று இருக்காது.

உப்பாத ரொட்டியும் மெத்தென்று இருக்கலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். முதல் ரொட்டி பெரும்பாலும் உப்பாது, கல் சரியான சூட்டுக்கு வர ஒரு ரொட்டி பிடிக்கும்.

இறக்கியதும் துணி விரித்த ஹாட்பாக்ஸில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மூடுங்கள். துணி இல்லாவிட்டால் மூடியில் வேர்த்த நீர் சொட்டி மேல் ரொட்டி சொதசொதப்பாகும். அடுக்கில் 10 நிமிடம் இருந்தால் வெளித்தோலின் வறட்சியும் உள்ளிருக்கும் ஈரமும் ஒன்றுகலந்து, மடித்தாலும் உடையாத ரொட்டியாகிவிடும். கல்லிலிருந்து நேரே தட்டுக்குப் போகும் ரொட்டியைவிட இந்த அடுக்கு ரொட்டிதான் மெத்தென்று இருக்கும். எண்ணெகாய் என்ற அந்த ஊர் எண்ணெய்க் கத்தரிக்காயும் நிலக்கடலைச் சட்னிப்பொடியும் கெட்டித் தயிரும் இருந்தால் வேறெதுவும் தேட வேண்டாம்.

கேழ்வரகும் கம்பும்

கேழ்வரகுதான் எல்லாவற்றிலும் எளிது. 200 கிராமுக்கு 270 மி.லி. உலைநீர், மற்றதெல்லாம் மேலே சொன்னபடி. நன்றாகப் பசை கொடுக்கும், கட்டைக்கு அடங்கும், முதல் முறையே வரும். கருத்த நிறத்தால் வெந்தது கண்ணுக்குத் தெரியாது, புள்ளிகளைத் தேடாமல் நேரத்தைப் பார்த்துத் திருப்புங்கள். பயமாக இருப்பவர்கள் இதில் கை பழகிக்கொண்டு சோளத்துக்கு வரலாம். முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு வாழையிலையில் தட்டும் நம் அடை வேறு வகை, அது தடியாக, எண்ணெய் விட்டுச் சுடுவது.

கம்பு கொஞ்சம் பிடிவாதக்காரர். மணியில் 5 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு உண்டு, அரைத்ததும் அதே மணியிலுள்ள லைபேஸ் நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஒரு வாரத்தில் மாவு கசக்க ஆரம்பிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் முன்னால். கம்பு ரொட்டி கசக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பழைய மாவைச் சாப்பிட்டவர்கள். புதிதாக அரைத்த கம்பு இனிக்கும். அரைக் கிலோ அளவில் அரைத்து, காற்றுப் புகாமல் ஃப்ரீசரில் வையுங்கள். குஜராத்தில் ரோட்லோ தட்டுபவர்கள் மாவை மொத்தமாகப் பிசையவே மாட்டார்கள். ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவை மட்டும் எடுத்து, வெதுவெதுப்பான நீர் விட்டு, உள்ளங்கையால் பல நிமிடம் தேய்த்து, இரு கைகளுக்கு நடுவிலேயே தட்டி, மண் கல்லில் போடுவார்கள். ரொட்டி அரை விரல் கனத்தில் இருப்பதால் வெடிப்பு குறைவு. நமக்கு 200 கிராமுக்கு 220 மி.லி. உலைநீர் வழியே வசதி. சங்கராந்திக்கு முந்தைய நாளான போகியன்று மகாராஷ்டிரத்தில் கம்பு ரொட்டியில் எள் ஒட்டிச் சுடுவார்கள். தண்ணீர் தடவும்போதே எள்ளைத் தூவி அமுக்கினால் உதிராது.

தினை, சாமை, வரகு தனியாக ரொட்டிக்கு ஒத்துவருவதில்லை. பிடிவாதமாக வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி கேழ்வரகு சேருங்கள்.

கடையில் இதற்கென்று சாந்தன் கம் என்ற பசைப்பொடி முதலியவற்றைச் சேர்க்கச் சொல்வார்கள். இசப்கோல் உமி 200 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் சேர்த்தால் ரொட்டி மடித்துப் பயணத்துக்குக் கொண்டு போகும் அளவுக்கு வளையும், உண்மைதான். பழைய மாவையும் ஓரளவு காப்பாற்றும். ஆனால் புது மாவும் உலைநீரும் இருக்கும்போது அது தேவைப்படாது, வாயில் ஒரு வழவழப்பும் விட்டுச் செல்லும். ஆசையாக உருளைக்கிழங்கு மசித்துச் சேர்ப்பவர்களும் உண்டு. சுவையாக இருக்கும், சோளத்தின் மணம் மறைந்துவிடும்.

சீலியாக் உள்ள வீடுகளில்

கோதுமையை விரும்பாமல் தவிர்ப்பது வேறு, குளூட்டன் உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயால் தவிர்ப்பது வேறு. சோளம், கம்பு, கேழ்வரகு, தினை எதிலும் குளூட்டன் கிடையாது. ஆபத்து வழியில்தான் வருகிறது. குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல உலக அளவில் வைத்திருக்கும் எல்லை, கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன். ஒரு கிலோ சோள மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த எல்லை தொட்டுவிடும். நமக்கு முன்னால் கோதுமை அரைத்த மில்லில் அதைவிடப் பல மடங்கு உள்ளே தங்கியிருக்கும். ஓரிரு கிலோ அரிசியை முதலில் ஓட விட்டாலும் முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது. வீட்டில் சிறிய மாவு இயந்திரம் வைத்து அதில் கோதுமையே போடாமல் இருப்பதுதான் நம்பகமான வழி. இல்லையென்றால் சோதித்த அடையாளம் உள்ள பாக்கெட் மாவு.

சமையலறையிலும் அதே கவனம். கோதுமை தேய்த்த மரக்கட்டையிலும் பலகையிலும் மாவு இடுக்குகளில் தங்கும், தனியாக ஒரு செட் வேண்டும். தூவுவதற்கு அதே சோள மாவு அல்லது அரிசி மாவு. ஹாட்பாக்ஸ் துணியும் தனி. கட்டிப் பெருங்காயமும் தூள் பெருங்காயமும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்துச் செய்தவை, தொட்டுக்கொள்ளும் குழம்பில் அது இருக்கிறதா பாருங்கள். ‘சிறுதானியச் சப்பாத்தி மாவு’ என்று விற்கும் பாக்கெட்டுகளில் முதல் பொருளே கோதுமையாக இருப்பது சாதாரணம், பின்பக்கம் படிக்காமல் வாங்க வேண்டாம்.

மிஞ்சியது

சுட்ட ரொட்டி 4, 5 மணி நேரம் மெத்தென்று இருக்கும். அதன்பின் வெந்த மாவுச்சத்து இறுகி, தண்ணீரை வெளியே விடும். ஃபிரிட்ஜின் குளிரில் இந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும், ஃப்ரீசரில் கிட்டத்தட்ட நின்றுவிடும். மறுநாளைக்கு வேண்டுமென்றால் ஆறியதும் பட்டர் பேப்பர் இடையிட்டு ஃப்ரீசரில் வைத்து, எடுத்து இரு பக்கமும் நீர் தடவி, சூடான கல்லில் மூடி போட்டு ஒரு நிமிடம். இறுக்கம் சூட்டில் இளகும். மதிய உணவு டப்பாவுக்கு வைப்பவர்கள் ரொட்டியை நான்காக மடித்து, ஈரம் இழக்காமல் துணியில் சுற்றி வையுங்கள். சூடாக இருக்கும்போதே மடிக்க வேண்டும், ஆறிய பிறகு மடித்தால் மடிப்பில் முறியும்.

வட கர்நாடகத்தில் இதற்கு நேர் எதிர் வழியும் உண்டு. ரொட்டியைக் காகிதம் போல மெலிதாகத் தட்டிச் சுட்டு, ஈரம் முழுக்கப் போகும்வரை உலர்த்தி, அப்பளம் போல நொறுங்கும் கடக் ரொட்டியாக அடுக்கி வைப்பார்கள். ஈரமே இல்லாததால் வாரக்கணக்கில் கெடாது. நம் வீட்டில் வறண்டுபோன ரொட்டியையும் அப்படியே முடித்துவிடலாம்: சிம்மில், அடிக்கடி திருப்பி, துணியால் அழுத்தி, வளையாமல் ஒடியும்வரை. பாதியில் நிறுத்தினால் நடுவில் ஈரம் தங்கி இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். காலையில் நொறுக்கி மோரில் போட்டு, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு சேர்த்துக் கால் மணி நேரம் ஊறவிட்டால் பழையசோறு போல இறங்கும்.